நாம என்றால் சீட்டு இல்லை

"கவுத்த சீட்டைக் காட்டுங்க."

சாவு வீட்டில் யாரோ விசிலடித்த மாதிரி மேசையே அவளைத் திரும்பிப் பார்த்தது.

போக்கர் விளையாட்டில் ஆளுக்கு இரண்டு சீட்டு கையில் இருக்கும். பொதுவாக ஐந்து சீட்டு மேசையில் திறந்து கிடக்கும். எவனிடம் நல்ல சேர்க்கை இருக்கிறது என்று எவனுக்கும் தெரியாது. ஒருவன் பந்தயத்தை ஏற்றுவான். பயந்தவன் தன் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்குவான். எல்லாரும் ஒதுங்கிவிட்டால், மிஞ்சினவன் தன் சீட்டைக் காட்டாமலே குவியலை அள்ளிக்கொள்ளலாம். அவன் கையில் ராஜா இருந்ததா, ரெண்டுங்கெட்டான் இருந்ததா என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் அவனை முகத்துக்கு நேராகத் திருடன் என்று சொன்னதாக அர்த்தம்.

"எது வேணா பண்ணு. கவுத்த சீட்டை மட்டும் காட்டச் சொல்லாதே. மேசையே உன்னைத் தின்னுடும்."

இதை அவளுக்குச் சொன்னது அவள் தோழி பொடிசு. கல்லூரி விடுதியில் பக்கத்துக் கட்டில். இரண்டு பேரும் அவரவர் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு பொடிசுக்குக் கிடைத்த வேலை, இதே கிளப்பில், இதே மேசையில் சீட்டுப் போடுவது. போன வாரம் இந்தக் கட்டடத்தின் பின்பக்க இரும்புப் படிக்கட்டுக்குக் கீழே கழுத்து முறிந்து கிடந்தாள். சீருடைச் சட்டையில் ஒரு பொத்தான்கூடக் கழன்றிருக்கவில்லை.

இப்போது அவள் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்து சீட்டுப் போடுகிறாள். ஒரு வாரம்கூட அந்த நாற்காலி காலியாக இல்லை.

"யாருய்யா இந்தப் பொண்ணை உள்ள விட்டது?" என்றார் பல் டாக்டர். குவியலைப் பாதி அள்ளிய கை அப்படியே நின்றது. சுத்தமான நகம், கிராம்பு வாசனை, யாரையும் நிமிர்ந்து பார்க்காத கண்.

கதவோரம் நின்ற மேனேஜர் சிரித்தார். "மேடம், இங்க யாரும் அப்படிக் கேக்கறதில்ல."

"சுவத்துல நீங்கதானே எழுதி மாட்டியிருக்கீங்க, சந்தேகம்னா கேக்கலாம்னு? அது எதுக்கு, அலங்காரத்துக்கா?"

அவள் பின்னால் நின்ற தகரம் குனிந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி ரகசியம் சொன்னான். "ஃப்ரேம் அழகா இருக்குல்ல? படிக்க இல்ல, பாக்க."

அவனுக்குத் தகரம் என்று பெயர் வந்ததே அந்த வாயால்தான். ஓய்வே இல்லாமல் லொடலொடவென்று சத்தம். அவன் பதிலுக்கு அவளுக்கு வைத்த பெயர் டிகிரி. கிண்டலுக்குத்தான் வைத்தான். அவள் கோபப்பட்டாள், பெயர் நிலைத்துவிட்டது. இருவரும் ஒரே துப்பறியும் அலுவலகத்தில் வேலை. அவள் கேள்வி கேட்பாள். அவன் கடுப்பேற்றுவான். கடுப்பில் மனிதர்கள் உண்மையைக் கொட்டுவார்கள்.

டாக்டர் சீட்டைத் திருப்பி எறிந்தார். ஒரு ஏழு, ஒரு மூணு. மேசையில் கிடந்த எதோடும் ஒட்டாத உதிரி.

எதிரில் இருந்த லாரி ஓனர் தலையில் அடித்துக்கொண்டார். "அடப்பாவி டாக்டரே! இதுக்கா நான் ஆஸ் ஜோடியைக் கவுத்தேன்?"

டிகிரி ஏழையும் மூணையும் பார்க்கவில்லை. சற்று முன் டாக்டர் லாரி ஓனரின் தோளில் கை போட்டுச் சொன்னதை மனசுக்குள் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தாள். "யோசிங்கண்ணே, அவசரமில்ல. நாம என்ன எதிரியா? நாம சிரிச்சுக்கிட்டே முடிச்சுக்கலாம்."

அதற்கு முந்தைய ஆட்டத்தில் அதே வாய் வேறு மாதிரி பேசியது. "எங்கிட்ட என்னய்யா பெருசா இருக்கு? சும்மா ஒரு சின்ன ஜோடிதான். நான் ஏத்தறேன். துணிச்சல் இருந்தா போடு, இல்லேன்னா எந்திரிச்சுப் போ!" அந்த ஆட்டத்தில் அவர் திறந்து காட்டியது மூன்று ராஜா.

இன்னொரு ஆட்டம். இன்னொரு தடவை டாக்டர் குரலில் சர்க்கரை. "விடுங்கண்ணே, நாம தினம் பாத்துக்கற ஆளுங்க." லாரி ஓனர் கவிழ்த்தார்.

"கவுத்த சீட்டைக் காட்டுங்க," என்றாள் அவள் மறுபடி.

ஒன்பது, நாலு. உதிரி.

டாக்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "என்ன திமிரு! ஏதோ ஒரு காலேஜ்ல ஒரு பேப்பரை வாங்கிட்டா எங்ககூட உக்கார தகுதி வந்துடுமா? உங்கப்பன் என்ன படிச்சிருக்கான்?"

"கையெழுத்துப் போடப் படிச்சிருக்கார் சார். அதுவும் நான் சொல்லிக் குடுத்து."

யாரும் சிரிக்கவில்லை. தகரம்கூட. டாக்டர் பின்பக்க நடைக்குப் போய்விட்டார்.

இவனாகவே இருக்கட்டும் என்று அவள் மனசு வேண்டிக்கொண்டது. இவனே தள்ளியிருக்கட்டும். இந்த நகத்துக்கு விலங்கு மாட்டினால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும்!

அலுவலகத்திலும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். அலுவலகத்தை நடத்துபவர் ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரி. எல்லாருக்கும் அவர் ஐயா. பொடிசு செத்த மறுநாளே அவரே அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். "ஃபீஸ் எல்லாம் வேணாம்மா. அவ நம்ம பொண்ணு. நாம செய்யற கடமை இது. அன்னைக்கு அவளைத் திட்டினது டாக்டர்தான். நீ போய் மேசைல உக்காரு, அவன் பேச்சைக் கவனி. பொய் எங்க நெளியுதுன்னு பாரு. நீ பாத்துட்டு வந்ததும் இன்ஸ்பெக்டரை வரச் சொல்றேன், அவர்கிட்ட சொல்லு. செத்தவளோட தோழி நீ. உன் வாயால வந்தா எடுபடும். எனக்கு அந்த இடமே பழக்கமில்லம்மா. கிளப் வாசலைக்கூட மிதிச்சதில்ல."

அவளுக்கு அன்றைக்கு அழுகை முட்டியது. நன்றியில்.

---

நடையின் கோடியில் ஒரு கை கழுவும் தொட்டி. அதற்குப் பக்கத்தில் இரும்புப் படிக்கட்டுக்குப் போகும் கதவு. கதவில் ஒரு பெரிய பூட்டு, கடையில் ஒட்டிய விலைச்சீட்டுகூட உரியாமல் பளபளத்தது.

"கண்ணு கெட்டப்புறம் சூரிய நமஸ்காரம்," என்றான் தகரம் பூட்டைத் தட்டி.

டாக்டர் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தார். "அது போலீஸ் போட்ட பூட்டு. அவ விழுந்த அன்னைக்கே மாட்டிட்டாங்க. அதுக்கு முன்னாடி அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாகூட கிடையாது." திரும்பினார். "நீ யாரு? போலீஸா?"

"இங்க சீட்டுப் போட்டவளோட தோழி."

டாக்டர் குழாயை மூடினார்.

டிகிரி காத்திருந்தாள். இப்போது 'நாம' வரும். 'நாம இதைப் பெருசு பண்ண வேணாம்மா' என்று வரும். வரட்டும்.

"நான்தான் கத்தினேன்," என்றார் டாக்டர். "அதானே கேக்க வந்தே? நான்தான். உனக்கு என்ன பண்ணணுமோ பண்ணிக்கோ, போ."

"எதுக்குக் கத்தினீங்க?"

"சீட்டைப் போட்டுக்கிட்டே எனக்கு மட்டும் கேக்கற மாதிரி சொன்னா. 'சார், இந்த மேசையில உக்காராதீங்க. சீட்டுக்கட்டை முன்னாடியே அடுக்கித் தர்றாங்க. என்னையும் அடுக்கச் சொன்னாங்க, மாட்டேன்னுட்டேன்'னா. எனக்கு நல்லது சொன்னா அந்தப் பொண்ணு. நான் தோத்த கடுப்புல இருந்தேன். எந்திரிச்சு நின்னு, 'கேளுய்யா மேனேஜர், நீ வெச்ச ஆளே உன்னைத் திருடன்கிறா'ன்னு அத்தனை பேருக்கும் கேக்கற மாதிரி கத்தினேன்."

தொட்டியில் தண்ணீர் சொட்டியது.

"அவ மூஞ்சி வெளுத்துப் போச்சு. மேனேஜர் சிரிச்சுக்கிட்டே, 'வாம்மா, உள்ள வந்து பேசலாம்'னு கூட்டிட்டுப் போனான். உள்ளறையில இன்னொரு ஆள் இருந்தான். முகத்தைப் பாக்கல. பாக்கணும்னு தோணல. நான் திரும்ப வந்து என் சீட்டை எடுத்துக்கிட்டேன். கொஞ்ச நேரத்துல கீழ சத்தம்."

"போலீஸ்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். மேனேஜர் மேசையை விட்டு நகரவே இல்லன்னு நாலு பேர் சொல்லியாச்சு. இன்ஸ்பெக்டர் என் வாக்குமூலத்தை எழுதக்கூட இல்ல. நான் ஒரு கோழை. பெரிய வாய், சின்ன நெஞ்சு. போதுமா?"

அவர் பேச்சில் ஒரு 'நாம' இல்லை. ஒரு சமாதானம் இல்லை. தன்னைத்தானே மட்டம் தட்டிக்கொண்டு, எதிரில் நிற்பவளையும் விரட்டிக்கொண்டு, மூன்று ராஜாவைக் கையில் வைத்திருப்பவன் பேசுகிற அதே பேச்சு.

இந்த ஆளை வெறுக்கலாம். காறித் துப்பலாம். ஆனால் பொய்யன் என்று சொல்ல முடியாது.

---

அலுவலகத்துக்குத் திரும்பும் வழியில் தகரம் பைக்கைச் சிக்னலில் நிறுத்தினான்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு டிகிரி. நான் பத்தாவதை மூணு தடவை ரசிச்சுப் படிச்சவன்."

"அந்த மேசையில எல்லாரும் டாக்டரோட நிஜத்தை மட்டும்தான் பாத்திருக்காங்க. நல்ல சீட்டுன்னா திறந்து காட்டுவார். பொய்யில ஜெயிச்சா கவுத்துடுவார். அப்ப அவர் பொய் எப்படி இருக்கும்னு யாருக்குமே தெரியாது. பொய்யைத் திறந்து பாத்தாத்தானே அடுத்த தடவை அடையாளம் தெரியும்?"

"அதுக்குத்தான் அந்த அவமானக் கேள்வியா?"

"ம். கையில சீட்டு இருக்கறவனுக்குப் பயம் கிடையாது. 'எங்கிட்ட என்ன இருக்கு'ம்பான், திட்டுவான், நீ உள்ள வந்தா அவனுக்கு லாபம். சீட்டு இல்லாதவன் உன்னைச் சீண்டவே மாட்டான். நீ கோபப்பட்டு உள்ள வந்துட்டா மாட்டிப்பானே! அதனால குழைவான். தோள்ல கை போடுவான். உன்னையும் தன்னோட சேத்துப்பான். டாக்டர் பொய் சொன்ன ரெண்டு தடவையும் 'நாம'ன்னார்."

"அட, நம்ம ஐயா மாதிரி! மத்த நாளெல்லாம் 'நான் சொல்றேன், நீ செய்'. சம்பள நாளு வந்தா மட்டும் 'நாம எல்லாம் ஒரே குடும்பம்ப்பா, நாம பாத்துக்கலாம்'."

சிக்னல் பச்சையானது. பின்னால் வந்த வண்டிகள் கத்தின. தகரம் சிரித்துக்கொண்டே பைக்கைக் கிளப்பினான். பின்சீட்டில் அவள் சிரிக்கவில்லை.

ஃபீஸ் வேணாம்மா. நாம செய்யற கடமை இது.

மூன்று வருஷமாக அந்த ஆள் இலவசமாகக் கொடுத்தது புத்திமதி மட்டும்தான்.

---

ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய போலீஸ் தொப்பி. தலையாட்டும் மேசை விசிறி. ஐயா ஃபிளாஸ்கிலிருந்து தன் கையாலேயே அவளுக்கு டீ ஊற்றினார். அதையும் அவள் கவனித்தாள்.

"டாக்டர் பொய் சொல்லலைங்க ஐயா," என்றாள் நின்றுகொண்டே.

"உக்காரும்மா. டீயைக் குடி." குரல் இளகியிருந்தது. "பாவம், தோழி போன துக்கம் உனக்கு. நாம பதட்டப்படக் கூடாது. நாம கொஞ்சம் நிதானமா யோசிப்போம். இன்ஸ்பெக்டர் கிளம்பிட்டாராம். டாக்டர் அவளை மிரட்டினதா அவ உன்கிட்ட எப்பவாவது சொல்லியிருப்பா. ஞாபகப்படுத்திப் பாரு. நாம அந்தப் பொண்ணுக்கு நியாயம் வாங்கிக் குடுக்கணுமா வேணாமா?"

நாம. நாம. நாம.

இருந்தாலும் இது வெறும் வாடை. வாடையை வைத்து ஒருவனைக் குற்றவாளி என்று சொல்ல முடியாது. சீட்டைத் திறந்து பார்க்க வேண்டும். கேட்டால் இந்த ஆள் காட்டமாட்டார். அவராகத் திறக்க வேண்டும்.

அவள் ஒரு பொய்யைத் தூக்கி மேசையில் போட்டாள்.

"அதுல ஒரு சிக்கல் இருக்குங்க ஐயா. பின்கதவு எப்பவுமே பூட்டியேதான் இருக்குமாம், மேனேஜரே சொன்னார். நானும் பாத்தேன், இவ்வளவு பெரிய பூட்டு. அப்புறம் டாக்டர் எப்படி அவளைப் படிக்கட்டுக்குக் கொண்டு போயிருக்க முடியும்? கோர்ட்ல இது நிக்காதே."

ஐயாவுக்கு எரிச்சல் வந்தது. நல்லபடி கட்டிய பந்தலில் எவனோ காலை நீட்டிவிட்டான் என்கிற எரிச்சல். "அவன் கிடக்கான், உளறுவாயன்! அந்தக் கதவுக்கு ஏது பூட்டு? ஒரு தள்ளு தள்ளினாத் திறந்துக்கும். நாங்க போனப்போகூட..."

பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மேசை விசிறி இந்தப் பக்கம் திரும்பி, அந்தப் பக்கம் திரும்பியது.

"நாங்கன்னா யாருங்க ஐயா?"

"என்னது?"

"'நாங்க போனப்போ'ன்னீங்க. நீங்க அந்தக் கிளப் வாசலையே மிதிச்சதில்லையே. அவ விழுந்த அன்னைக்கே பூட்டு போட்டாச்சு. பூட்டு இல்லாத கதவை நீங்க எப்பப் பாத்தீங்க? யாரோட?"

ஐயா தன் டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். அதற்குள் முகத்தைத் துடைத்து, பழைய சிரிப்பை மாட்டிக்கொண்டார்.

"நாங்கன்னா... நாமதாம்மா."

பால்குடி மறக்காத பிள்ளைகூட இந்த இரண்டு வார்த்தையில் தப்புப் பண்ணாது. நாம என்றால் கேட்கிறவளும் உள்ளே. நாங்க என்றால் கேட்கிறவள் வெளியே. அன்றைக்கு அந்த உள்ளறையில் இவள் இல்லை. இருந்தது மேனேஜர், முகம் தெரியாத ஒரு ஆள், நடுவில் பட்டம் வாங்கிய ஒரு பொடிசு. அடுக்க மாட்டேன் என்றவள். அவளைப் பின்கதவு வழியாக வெளியே கூட்டிப்போனவர்கள்தான் 'நாங்க'. பூட்டில்லாத கதவு. ஒரு தள்ளு.

வாசல்படியில் சாய்ந்திருந்த தகரத்தின் முகத்தில் அவள் இதுவரை பார்க்காத ஒன்று இருந்தது. மௌனம்.

ஐயா கண்ணாடிக் குவளையை வைத்தார். இப்போது குரலில் சர்க்கரை இல்லை. "அவ விழுந்தா. அவ்வளவுதான். பேசலாம்னு கூட்டிட்டுப் போனா கத்தினா, திமிறினா, விழுந்தா. ஊர்ல எத்தனையோ கிளப் இருக்கு, அத்தனைக்கும் காவல் வேணும், அந்தக் காவல் நான்தான். உனக்கு இதெல்லாம் புரியாது. உங்கப்பாவுக்கு வாட்ச்மேன் வேலை யார் வாங்கிக் குடுத்தது? உன் படிப்புக்கு எவனாவது மதிச்சு வேலை குடுத்தானா? நான் குடுத்தேன். இன்ஸ்பெக்டர் என் கையில வளர்ந்த பையன். அவன் உன்னை நம்புவானா, என்னையா?" முன்னால் சாய்ந்தார். "சொல்லு. கையில என்ன வெச்சிருக்கே?"

உண்மையில் என்ன வைத்திருந்தாள்? ஒரு புதுப் பூட்டு. கோழை என்று தன்னையே சொல்லிக்கொள்ளும் ஒரு டாக்டர். வாய் தவறி வந்த ஒரு வார்த்தை. அப்பாவின் சீருடை இன்று சாயந்திரமே கழற்றப்படும். அதுவும் தெரியும்.

"பெருசா ஒண்ணுமில்லைங்க ஐயா," என்றாள். "சும்மா ஒரு சின்ன ஜோடிதான். நாம, நாங்க."

முன்னால் சாய்ந்திருந்த ஐயா மெல்லப் பின்னுக்கு நகர்ந்தார். அந்த மேசையில் ஒரு நாளாவது உட்கார்ந்தவனுக்குத்தான் அந்த வசனத்தின் அர்த்தம் தெரியும். அவருக்குத் தெரிந்தது.

"துணிச்சல் இருந்தா போடுங்க," என்றாள் அவள். டீயைத் தொடாமல் திரும்பி நடந்தாள்.

"நில்லுடி!"

'அம்மா' போய் 'அடி' வந்துவிட்டது. இந்த மூன்று வருஷத்தில் அந்த ஆள் அவளிடம் பேசிய முதல் உண்மை அதுதான்.

படியில் பாதியில் தகரத்தின் செருப்புச் சத்தம் பின்தொடர்ந்தது. "டிகிரி! நாம இப்ப எங்க..."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

அவன் திருத்திக்கொண்டான். "நான் வரேன்," என்றான். "நீ எங்க போறே?"

"முதல்ல டாக்டர்கிட்ட. அப்புறம் அவரைக் கூட்டிட்டு நேரா கோர்ட்டுக்கு. நீதிபதி முன்னாடி நிக்க வைக்கப் போறேன். அன்னைக்கு மேசையில கத்தினதை அந்த ஆள் இன்னொரு தடவை கத்தணும். இந்தத் தடவையாவது சரியான இடத்துல."

"வர மாட்டேன்னுட்டா?"

"கோழைக்கு ஒரு தடவைதான் மன்னிப்பு. அதை அவர் அன்னைக்கே செலவு பண்ணிட்டார்."

தெருமுனையில் போலீஸ் ஜீப் திரும்பிக்கொண்டிருந்தது. மேலே ஜன்னலில் ஐயா எட்டிப் பார்த்து அதற்குக் கையாட்டினார். அவள் ஜீப்பையும் பார்க்கவில்லை, ஜன்னலையும் பார்க்கவில்லை. தெருவைக் கடந்து, வந்த வழியே கிளப்பைப் பார்த்து நடந்தாள்.